விரல் தொட்டது எந்த வரியை?

சென்ற மழைக்காலத்தில் ஒரு முற்பகல். மும்பை மாட்டுங்காவில் நான் பணிபுரியும் கிளைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கைப்பேசியைக் கையில் பிடித்தவாறே வந்தார். கணவரின் மருந்துகளுக்காக மாதந்தோறும் மருந்துக்கடைக்காரருக்குச் செயலி வழியே பணம் அனுப்புவது அவருடைய வழக்கம். அந்த மாதம் அனுப்பிய 8,400 ரூபாய் கடைக்காரரைச் சென்றடையவில்லை.

"தம்பி, எப்போதும் தொடுகிற அதே இடத்தைத்தான் தொட்டேன். கணேஷ் என்றுதான் திரையிலும் காட்டியது. பணம் எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

கணக்கைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. அவருடைய பயனாளிகள் பட்டியலில் இரண்டு கணேஷ்கள் இருந்தனர். ஒருவர் மருந்துக்கடைக்காரர், மற்றவர் வீட்டுக் குழாய்களைப் பழுது பார்த்தவர். கடைசியாகப் பணம் பெற்றவரின் பெயரைப் பட்டியலின் உச்சியில் வைப்பது அச்செயலியின் முறை. முதல் நாள் குழாய்ப் பணிக்காக 600 ரூபாய் அனுப்பியிருந்ததால், அவர் முதல் வரிக்கு ஏறிவிட்டார். மருந்துக்கடைக்காரர் இரண்டாம் வரிக்கு இறங்கிவிட்டார். அம்மையாரின் விரலோ பழக்கப்படி முதல் வரியைத் தொட்டது. தொலைபேசியில் விவரம் சொன்னதும் அந்தத் தொழிலாளி அன்று மாலையே பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். எல்லோருக்கும் இப்படி நல்லவர் வாய்ப்பார் என்று சொல்ல இயலாது.

அவரது தவறு என்று இதை ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. ஏனெனில், இதே தவறைக் கணினி நிரல் செய்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், செயலியின் புதிய பதிப்பை வெளியீட்டுக்கு முன்னர் சோதிக்கும் குழுவுக்குக் கிளைகளின் சார்பில் என்னையும் அனுப்பியிருந்தார்கள். வணிகவியல் படித்த எனக்கு நிரல் எழுதத் தெரியாது. வாடிக்கையாளர் செய்வதைப் போலவே தொட்டுப் பார்த்து, கண்ட குறைகளை எழுதிக் கொடுப்பதே என் வேலை. ஒரு பட்டியலின் வரியைத் தொட்டால் அது பதிலளிக்க வேண்டும் என்ற எளிய செயலுக்குப் பின்னே எவ்வளவு ஏற்பாடு இருக்கிறது என்பதை அங்கேதான் அறிந்தேன்.

தொடுகை என்பது என்ன?

நாம் "தொட்டேன்" என்று ஒரே சொல்லில் சொல்வதைக் கைப்பேசி பல நிகழ்வுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. விரல் திரையில் பட்டது. நகர்ந்தது அல்லது நகரவில்லை. திரையை விட்டு எழுந்தது. விரல் பட்ட இடத்திலேயே, நகராமல் எழுந்தால்தான் அது தொடுகை. சிறிது தூரத்திற்கு மேல் நகர்ந்துவிட்டால், பட்டியலை மேலோ கீழோ தள்ளுகிறோம் என்று கைப்பேசி முடிவு செய்து, அந்த வரிக்குச் சென்றுகொண்டிருந்த தொடுகையை நீக்கிவிடும். எழாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் அது நீண்ட அழுத்தம் என்னும் வேறொரு செயலாகிவிடும்.

இதில் நமக்கொரு பயனுண்டு. பெரும்பாலான செயலிகளில், விரல் பட்ட கணத்தில் எதுவும் நடப்பதில்லை. எழும் கணத்தில்தான் நடக்கிறது. தவறான வரியில் விரலை வைத்துவிட்டோம் என்று உணர்ந்தால், பதற்றத்தில் விரலை எடுத்துவிடாதீர்கள். திரையில் வைத்தபடியே சற்று நகர்த்திவிட்டுப் பிறகு எடுங்கள். தொடுகை நீங்கிவிடும்.

வரிக்குள் ஒரு பொத்தான்

நாங்கள் சோதித்த பதிப்பில், பணப் பரிமாற்றப் பட்டியலின் தோற்றத்தை மாற்றியிருந்தார்கள். முன்பு ஒவ்வொரு வரியிலும் எழுத்து மட்டுமே இருந்தது. வரியைத் தொட்டால் முழு விவரம் திறக்கும். புதிய வரியிலோ சின்னம், பெயர், தொகை ஆகியவற்றோடு "மீண்டும் அனுப்பு" என்ற பொத்தானும் இருந்தது. பார்வைக்கு அழகு. ஆனால் வரியை எங்கே தொட்டாலும் விவரம் திறக்கவில்லை. பொத்தான் மட்டும் வேலை செய்தது.

நிரலாளர் விளக்கினார். அந்தப் பட்டியல், ஆண்ட்ராய்டின் பழைய அமைப்பான லிஸ்ட் வியூவில் கட்டப்பட்டது. எழுத்து மட்டும் உள்ள வரியைத் தொட்டால், எந்த வரி தொடப்பட்டது என்பதை அவ்வமைப்பே நிரலுக்கு அறிவித்துவிடும். வரிக்குள் பொத்தான் ஒன்று நுழைந்தால், ஃபோகஸ் என்னும் முன்னுரிமையை அது பெற்றுக்கொள்கிறது. உடனே முழு வரிக்கான அறிவிப்பு நின்றுவிடுகிறது. அந்த முன்னுரிமையைப் பொத்தான் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரே வரியில் குறிப்பு எழுதினார். பொத்தானும் இயங்கியது, வரியும் திறந்தது.

2014-இல் கூகிள் அறிமுகப்படுத்திய ரீசைக்ளர் வியூ என்னும் பிந்தைய அமைப்பில் நிலைமை வேறு. அதில் வரித் தொடுகைக்கு ஆயத்தமான ஏற்பாடே கிடையாது. வரியின் எந்தப் பகுதி தொடுகைக்குப் பதிலளிக்க வேண்டும், எது கூடாது என்பதை நிரலாளரே ஒவ்வொன்றாக அமைக்க வேண்டும். உரிமை கூடும்போது பொறுப்பும் கூடுகிறது.

பந்தியும் விருந்தினரும்

நான் கண்ட பெரிய பிழை இனித்தான் வருகிறது. உங்கள் கணக்கில் ஆயிரம் பரிமாற்றங்கள் இருந்தாலும், திரையில் ஒரே நேரத்தில் தெரிபவை எட்டோ பத்தோதான். ஆகவே கைப்பேசி ஆயிரம் வரிகளைச் செய்து வைப்பதில்லை. திரைக்குப் போதுமான சில வரிச்சட்டங்களை மட்டும் செய்து, மேலே மறைந்த சட்டத்தையே எடுத்து, புதிய பெயரும் தொகையும் எழுதிக் கீழே பொருத்துகிறது. ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் இம்முறையைத்தான் பின்பற்றுகின்றன. நினைவகம் மிச்சமாகிறது, பட்டியல் தடையின்றி ஓடுகிறது.

இதைத் திருமணப் பந்தியோடு ஒப்பிடலாம். இருக்கைகள் அவையே, விருந்தினர் மட்டும் பந்திக்குப் பந்தி மாறுகிறார்கள். மூன்றாம் இருக்கைக்காரர் ரசம் கேட்டார் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பரிமாறுபவர் உள்ளே போகிறார். அவர் திரும்புவதற்குள் பந்தி மாறிவிட்டது. ரசம், கேட்டவருக்கன்றி அந்த இருக்கையில் அப்போது அமர்ந்திருப்பவருக்குப் போய்ச்சேரும்.

எங்கள் சோதனையில் அதுவே நடந்தது. பட்டியலைத் திறந்து வைத்திருந்தபோது, கணக்கில் புதிய வரவு ஒன்று வந்தது. அது உச்சியில் சேர, எல்லா வரிகளும் ஒன்று கீழிறங்கின. அதன் பின் நான் தொட்டது நான்காம் வரியை. திறந்ததோ வேறொரு பரிமாற்றத்தின் விவரம். வரிச்சட்டத்தில் பெயரை எழுதிய நேரத்தில் அதன் இட எண்ணை நிரல் குறித்து வைத்திருந்தது. பட்டியல் நகர்ந்த பின்னும் பழைய எண்ணையே நம்பியது. நல்லவேளையாக, அது விவரம் மட்டும் காட்டும் பக்கம். பணம் அனுப்பும் பக்கமாக இருந்திருந்தால்?

திருத்தம் இரண்டு படிகளாகச் செய்யப்பட்டது. முதலாவதாக, தொட்ட அந்தக் கணத்தில் வரி எங்கே இருக்கிறது என்று நிரல் புதிதாகக் கேட்டறிய வேண்டும். பட்டியல் மாறிக்கொண்டிருப்பதால் விடை கிடைக்காவிட்டால் எதுவும் செய்யாதிருக்க வேண்டும். இரண்டாவதாக, இட எண்ணை நம்பாமல், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் பயனாளிக்கும் உரிய தனி அடையாள எண்ணையே கொண்டு செயல்பட வேண்டும். வங்கியில் முன்பு பித்தளை வில்லை கொடுத்துப் பணம் வழங்கிய காலம் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். வரிசையில் எத்தனாவதாக நிற்கிறீர்கள் என்று காசாளர் பார்த்ததில்லை. வில்லையின் எண்ணைத்தான் பார்த்தார்.

தொட்டதற்கு ஒரு மறுமொழி

தொடுகையை ஏற்றுக்கொண்டதைத் திரை உடனே தெரிவிக்க வேண்டும். வரியின் நிறம் மாறுவதும், நீரில் கல்லெறிந்ததுபோல் ஒரு வளையம் பரவுவதும் அலங்காரமல்ல. அவை ஒப்புகைச் சீட்டு. அது இல்லாவிட்டால், தொடுகை பதியவில்லையென்று எண்ணி நாம் மறுபடியும் தொடுவோம். கட்டணம் செலுத்தும் இடத்தில் இரண்டாவது தொடுகை இரண்டாவது கட்டணமாகிவிடக் கூடாது. எனவே முதல் தொடுகையோடு பொத்தானைச் செயலற்றதாக்குவதும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனிக் குறிப்பெண் கொடுத்து, அதே எண் மறுமுறை வந்தால் ஏற்காமல் விடுவதும் நல்ல செயலியின் இலக்கணம்.

அளவும் முக்கியம். தொடுவதற்குரிய பகுதி ஏறக்குறைய 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் பரிந்துரை. அதைவிடச் சிறிய இரு பொத்தான்கள் அருகருகே இருந்தால், முதியோரின் விரல் ஒன்றை நாடி மற்றொன்றைத் தொடும்.

பார்வைக் குறையுடைய வாடிக்கையாளர்கள் ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐஃபோனில் வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பு வசதிகளைப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் ஒருமுறை தொட்டால் வரி வாசிக்கப்படும். இருமுறை தட்டினால்தான் செயல் நடக்கும். வரியில் பெயரும் தொகையும் சேர்த்து வாசிக்கப்பட வேண்டும். அது தொடத்தக்கது என்பதும் சொல்லப்பட வேண்டும். இதை மறந்து அமைத்த பட்டியல் அவர்களுக்குப் பூட்டிய கதவுதான்.

மேலே விரிக்கும் போர்வை

தொடுகையைத் திருடும் வஞ்சகமும் உண்டு. தீய செயலியொன்று, வங்கிச் செயலியின் மீது கண்ணுக்குத் தெரியாத அல்லது பொய்யான திரையை விரித்துவிடும். "பரிசு பெறுக" என்பதைத் தொடுவதாக நாம் நினைப்போம். தொடுகையோ கீழேயுள்ள "ஒப்புதல்" பொத்தானுக்குச் செல்லும். மறைக்கப்பட்ட நிலையில் வரும் தொடுகையைப் புறக்கணிக்கும் வசதியை ஆண்ட்ராய்டு நெடுநாளாகவே நிரலாளர்களுக்கு வழங்கிவருகிறது. 2021-இல் வெளியான ஆண்ட்ராய்டு 12 முதல், இத்தகைய தொடுகைகள் பலவற்றை இயங்குதளமே தடுக்கிறது. எனினும், குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் இணைப்பு வழியே செயலிகளை நிறுவாதிருப்பதும், மற்றச் செயலிகளின் மேல் தோன்றும் அனுமதியைத் தேவையின்றி வழங்காதிருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு பயனாளிக்கும் வேறுபடுத்தும் பெயர் சூட்டுங்கள். "கணேஷ்" என்பதைவிட "மருந்துக்கடை கணேஷ்" என்பது பாதுகாப்பானது. இனித் தேவைப்படாத பெயர்களை நீக்கிவிடுங்கள்.

இரண்டாவது, பட்டியல் ஏற்றப்பட்டு அசைவின்றி நிற்கும்வரை பொறுத்திருந்து பிறகு தொடுங்கள். நகரும்போது தொட்டால் நீங்கள் கண்ட வரி வேறு, தொட்ட வரி வேறாகலாம்.

மூன்றாவது, உறுதிப்படுத்தும் திரையில் பெயரோடு கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் தொகையையும் படியுங்கள். மின்னணுப் பரிமாற்றத்தில் பணம் வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணைக் கொண்டே. நீங்கள் எழுதிய பெயரைக் கொண்டன்று. புதிய பயனாளியைச் சேர்க்கும்போது, அக்கணக்கில் பதிவாகியுள்ள பெயரைக் காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றங்களுக்கு இவ்வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வழங்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருந்தது.

நான்காவது, திரை பதிலளிக்கத் தாமதித்தால் மறுபடியும் தொடாமல், பரிமாற்ற வரலாற்றைப் பாருங்கள்.

ஐந்தாவது, தவறான கணக்குக்குப் பணம் சென்றுவிட்டால் உடனே உங்கள் வங்கிக்குத் தெரிவியுங்கள். வங்கி, பெற்றவரின் வங்கியைத் தொடர்புகொள்ளும். ஆனால் அவரது ஒப்புதலின்றி அவர் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துத் தருவது வங்கியால் இயலாது. மோசடி என்று ஐயம் எழுந்தால் 1930 என்ற எண்ணைத் தாமதமின்றி அழையுங்கள்.

அன்று அந்த அம்மையாரின் கைப்பேசியை அவர் கையிலேயே இருக்கச் செய்து, பயனாளிகளின் பெயர்களை மாற்றும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். "அம்மா, இடத்தைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். எங்கள் நிரலும் ஒருமுறை இதே தவறைச் செய்தது, அதற்கும் இதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "முப்பது வருடம் வகுப்பெடுத்திருக்கிறேன் தம்பி. இரண்டாம் பெஞ்சில் மூன்றாவது பிள்ளை என்று அடையாளம் வைத்துக்கொண்டால், பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்த அன்றைக்கு வேறு பிள்ளைக்கு அடி விழும். அதனால் முதல் வாரத்திலேயே எல்லோர் பெயரையும் மனப்பாடம் செய்துவிடுவேன். இங்கே அதை மறந்துவிட்டேன்" என்றார். அடுத்த மாதம் மருந்துக்கடைக்குரிய பணம் உரியவரையே சென்றடைந்தது.