வாங்கியவரே போட்டியாளராகும் செடி

குறைந்த முதலில் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில் ஏதும் உண்டா என்று வியாபாரிகள் பலர் கேட்கிறார்கள். கடைக்குப் பக்கத்துணையாகவோ வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்காகவோ செய்யத்தக்க ஒன்றை இவ்வாரம் பார்ப்போம். அதுதான் தொங்கும் சாடிகளில் படரும் கானாவாழைக் குடும்பச் செடிகள்.

கானாவாழையை அறியாதவர் இல்லை. வடிகான் ஓரத்திலும் ஈரமான வளவிலும் தானாகவே படரும். காலையில் விரியும் அதன் சிறு நீலப்பூ நண்பகலுக்குள் வாடிவிடும். சிங்களவர் இதில் ஒரு வகையைக் 'கிராபள' என்று சொல்லி, மல்லுங் செய்து உண்கிறார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் ஊதா நிறத்தில் வெள்ளிக்கோடு ஓடும் இலைகளையுடைய ட்ரடெஸ்கான்ஷியா ஸெப்ரினா. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த இது, இன்று உலகெங்கும் அழகுச்செடியாக விற்பனையாகிறது.

கானாவாழையின் தாவரவியல் பெயரான கொமலினா ஒரு வியாபாரியின் குடும்பப் பெயர் என்பது நமக்குச் சுவையான செய்தி. ஜான் கொமலின் என்பவர் அம்ஸ்டர்டாமில் மருந்துக் கடைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் மூலிகைச் சரக்கு விற்றவர். 1682இல் அந்நகரின் மூலிகைத் தோட்டத்தை அமைப்பதில் முன்னின்றார். அவருடைய சகோதரரின் மகன் காஸ்பரும் தாவரவியலில் பெயர் பெற்றார். இந்தப் பூவில் இரண்டு இதழ்கள் எடுப்பாகவும் மூன்றாவது சிறிதாகவும் இருக்கும். இரு இதழ்களும் புகழ்பெற்ற இரு கொமலின்களுக்கு, மூன்றாவது எதையும் சாதிக்குமுன் இறந்த இன்னொரு கொமலினுக்கு என்று லின்னேயஸ் வேடிக்கையாக விளக்கம் சொன்னார்.

இனி வளர்ப்பு முறை. ஆரோக்கியமான கொடியின் நுனியிலிருந்து நாலு அங்குலத் துண்டுகளை, இரண்டு மூன்று கணுக்கள் இருக்கும்படி வெட்டுங்கள். அடி இலையை நீக்கி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி நடுங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும். பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் பிடித்துவிடும். தும்புச்சோறு, கூட்டெரு, மேல்மண் மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும். சாடியின் அடியில் நீர் வடியத் துவாரம் அவசியம். நீர் தேங்கினால் தண்டு அழுகும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

வெளிச்சம் முக்கியம். இருட்டில் வைத்தால் ஸெப்ரினாவின் ஊதா நிறம் மங்கி, கொடி மெலிந்து நீளும். கடும் வெயிலில் இலை கருகும். கொட்டாஞ்சேனை மாடி வீடுகளில் காலை வெயில் படும் பல்கனி பொருத்தமான இடம். வெள்ளவத்தையில் கடலோர வீட்டுக்காரர்கள் உப்புக்காற்று நேரே படாத பக்கத்தைத் தெரிவுசெய்து, இடையிடையே இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். நுனியைக் கிள்ளக் கிள்ளக் கிளைக்கும். கிள்ளிய நுனியே அடுத்த கன்று. சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும் என்பதால் வெட்டும்போது கையுறை நல்லது.

இவ்வளவு இலகுவாக வளர்வதுதான் இந்தத் தொழிலின் சிக்கலும் ஆகும். உங்களிடம் ஒரு சாடி வாங்கியவர் இரண்டே மாதத்தில் பத்துச் சாடி உண்டாக்கலாம். வாடிக்கையாளரே போட்டியாளர் ஆகிவிடுவார். எனவே வெறும் கன்றை விற்றுப் பணம் பார்க்க எண்ணாதீர்கள். அடர்ந்து நிறைந்து, உடனே மாட்டக்கூடிய நிலையிலுள்ள சாடியை விற்க வேண்டும். அதைவிடச் சிறந்தது, அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் மாத வாடகைக்குக் கொடுத்து, வாடியதை மாற்றிக் கொடுப்பது. செடி எவரிடமும் கிடைக்கும். பராமரிக்கத்தான் பலருக்கு நேரமில்லை.

கணக்கைச் சரியாகப் போடுங்கள். உதாரணத்துக்கு மட்டும் ஒரு கணக்கு: 5 தாய்ச்சாடிகளிலிருந்து 150 துண்டுகள். 15 கெட்டுப்போனால் மீதி 135. சாடிக்கு 9 வீதம் 15 சாடிகள். சாடி, கம்பி, கலவைக்கு ஒன்றுக்கு 250 ரூபா என்றால் 3,750 ரூபா. உங்கள் உழைப்பைச் சாடிக்கு 100 ரூபா என்று சேர்த்தால் மொத்தம் 5,250 ரூபா. அடக்கவிலை 350 ரூபா என்று தோன்றும். ஆனால் இரண்டு சாடி விற்காமல் போனால் மீதி 13 சாடிகளே முழுச் செலவையும் சுமக்க வேண்டும். அப்போது அடக்கவிலை சுமார் 404 ரூபா. 375க்கு விற்றவர் இலாபம் என்று நினைத்துக்கொண்டே நட்டப்படுவார். வீட்டார் உழைப்பைக் கணக்கில் சேர்க்காதவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். 2017இல் நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. சாடியின் கீழுள்ள தட்டில் தேங்கும் தண்ணீரே நுளம்புக்குப் போதும். முட்டை நுளம்பாக ஒரு வாரமளவே ஆகும் என்பதால் வாரத்துக்கு இரு முறையாவது தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் வரும். வாடகைக்குக் கொடுத்த இடத்தில் நுளம்பு பெருகினால் உங்கள் பெயர்தான் கெடும்.

அடுத்து, வெட்டிய கழிவைக் கால்வாய் ஓரத்தில் வீசாதீர்கள். ஒவ்வொரு கணுவும் வேர்விட்டு அடுத்தவர் வளவை மூடிவிடும். கானாவாழையின் ஒரு வகை நிலத்துக்கடியிலும் பூத்து விதை வைப்பதால், அமெரிக்காவின் பருத்திச் செய்கையாளர்களுக்குப் பெருந்தொல்லையாகிவிட்டது. கழிவைக் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வேகவைத்த பின் கூட்டெருவில் சேருங்கள்.

முதலில் ஐந்து சாடியோடு தொடங்குங்கள். அவற்றைக் கடை வாசலிலேயே மாட்டி வையுங்கள். எத்தனை பேர் நின்று விலை கேட்கிறார்கள் என்று ஒரு மாதம் குறித்துக்கொண்டு, அதன் பிறகே பெருக்குங்கள். கடன் வாங்கிச் செய்யும் தொழில் இதுவல்ல.