ஸ்டிக்கரை நம்பாதீங்க, பிஸ்டனை அளங்க!

திருச்சுழியைத் தாண்டி ஒரு கண்மாய்க்கரை. அங்கே பாதி அடுக்கிய கரிமூட்டம் ஒன்று மூன்று நாளாக அப்படியே கிடந்தது. மீதி விறகு இன்னும் மரமாகவே நிற்கிறது; அதை அறுக்க வேண்டிய மிஷின் சாக்குக்குள் கிடக்கிறது.

"மாப்ள, நீதான பத்திரிகையில எழுதுறவன். இந்தக் கம்பெனிக்காரன் எங்க இருக்கான்னு கண்டுபிடிச்சுக் குடு" என்றார் மாமா.

அட்டைப் பெட்டியில் புலிப்படம் போட்ட ஒரு பெயர், அதன் கீழே ஒரு போன் நம்பர். எத்தனை தடவை அடித்தாலும் மணிதான் அடித்தது, எடுக்க ஆளில்லை. ஆறாயிரம் ரூபாய்க்குள் ஆன்லைனில் வாங்கிய சீன மிஷின். இதே வேலையைச் செய்யும் பெயர்பெற்ற கம்பெனி மிஷினுக்கு இதைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டும். மூட்டம் போடுகிறவர்களின் கையில் ஏன் இதுவே இருக்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்தில் மழை பொய்த்த வருஷங்களில் அடுப்பெரிய வைத்தது சீமைக்கருவேலம்தான். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று அதைத் திட்டாதவர் இல்லை. 2017-ல் ஐகோர்ட் மதுரைக் கிளை நீர்நிலைகளில் இருந்து அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது, ஊர் ஊராக வெட்டித் தள்ளினார்கள். ஆனால், விதைப்பு இல்லாத மாதங்களில் கூலி கொடுத்ததும் அதே மரம்தான். கோடாலியால் நாலு பேர் நாள் முழுக்கச் செய்யும் வேலையை மிஷின் இருந்தால் ஒருவரே செய்துவிடுவார் என்பது மாமாவின் கணக்கு. அந்த மிஷின் படுத்தால் நாலு பேருக்கும் கூலி இல்லை. மழைக்கு முன்னால் மூட்டத்துக்கு மண் பூசாவிட்டால் அடுக்கிய விறகும் நனைந்துவிடும்.

சாக்கோடு அருப்புக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டூவீலர் மெக்கானிக் ஒருவர் புல் வெட்டும் மிஷின், மருந்தடிக்கும் மிஷின் எல்லாம் பார்ப்பதாகச் சொன்னார்கள். 'கயிறு இழுத்தா ஸ்டார்ட் ஆகுது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தா அணைஞ்சுருது' என்று மாமா சொன்னதும், அவர் முதலில் பிளக்கைக் கழற்றினார். காய்ந்திருந்தது. "பெட்ரோல் மேல வரலை" என்றார். அடுத்து சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்த்தார். பிஸ்டனில் கோடு கோடாகக் கீறல் விழுந்திருந்தால் இஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பார்க்கலாம் என்பது அவர் கட்சி. கீறல் இல்லை. மாமாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கோளாறு டேங்கில் இருந்தது. உள்ளே இருந்த பெட்ரோல் டியூப் வெடித்துப் போயிருந்தது. கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய ரப்பர் தகடு, அப்பளம்போல விறைத்திருந்தது. இப்போது பங்க்கில் போடும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மட்ட ரப்பரைக் கெடுக்கும். மழைக்காலம் முழுக்க டேங்கில் பெட்ரோலை விட்டு வைத்தால் இதுதான் கதி. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டு வைக்கச் சொன்னார்.

இன்னொரு தப்பும் வெளியே வந்தது. பெரிய கம்பெனி மிஷின் வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார் என்று, லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில்தான் மாமா ஊற்றியிருக்கிறார். இந்த மிஷினோடு வந்த புத்தகத்தில் 25-க்கு 1 என்று இருந்தது. அப்படியென்றால் லிட்டருக்கு 40 மில்லி. போதாததற்கு, வீடியோ பார்த்து கார்புரேட்டர் திருகுகளையும் திருகி வைத்திருந்தார். "பிஸ்டன் பொழச்சது உங்க குலசாமி புண்ணியம்ணே!" என்றார் மெக்கானிக்.

சரி, சாமானுக்கு எங்கே போவது? நான் ஸ்பேர்ஸ் கடையில் புலி பிராண்டின் பெயரைச் சொன்னேன். "அப்படி ஒண்ணு இல்லையே சார்" என்று பதில் வந்தது. மெக்கானிக் சிரித்தார். சந்தையில் எத்தனையோ பெயர்களில் வந்தாலும், இந்த ரக மிஷின்களில் பெரும்பாலானவை பழைய ஜப்பானிய மாடல் ஒன்றின் நகல்கள்தானாம். ஸ்டிக்கர் மட்டும் மாறும். அதனால் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது. கழற்றிய சாமானைக் கையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். 52 சிசி என்று விற்பதில் பிஸ்டன் 45 மி.மீ., 58 சிசி என்று விற்பதில் 45.2 மி.மீ. "இந்த 0.2 மில்லிமீட்டர்ல 6 சிசி எங்கிருந்து வரும்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

புல் வெட்டும் மிஷின் சாமான் விற்கும் இன்னொரு கடையில் டியூபும் ஃபில்டரும் கிடைத்தன. டயாபிரம் செட் தனியாக வாங்குவதற்கும் முழு கார்புரேட்டர் வாங்குவதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. முழுசாகவே வாங்கினோம். வாங்கும்போது பழையதன் மேல் வைத்து, போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போகின்றனவா, டியூப் மாட்டும் மூக்குகள் அதே பக்கம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

செயின் விஷயத்தில்தான் மாமா ஏற்கெனவே ஏமாந்திருந்தார். '20 இன்ச்' என்று கேட்டு வாங்கிய புதுச் செயின் மாட்டவே இல்லை. இன்ச் சொன்னால் போதாது. பிட்ச், கேஜ், பாரின் பள்ளத்துக்குள் ஓடும் பற்களின் எண்ணிக்கை மூன்றையும் சொல்ல வேண்டும். மாமாவின் மிஷினுக்கு .325, .058, 76 பல். முதல் இரண்டும் பெரும்பாலும் பாரிலேயே பொறித்திருக்கும். மண் அப்பிக் கிடந்தால் துடைத்துப் பாருங்கள். பழைய செயினையும் அவர் தூக்கிப் போடவிடவில்லை. தூரோடு ஒட்டி அறுத்ததில் கரிசல் மண் பட்டு மழுங்கியதுதான், 4.8 மி.மீ. உருண்டை அரத்தால் பல்லுக்கு மூன்று இழுப்பு இழுத்ததும் கூர் வந்துவிட்டது. மழுங்கிய செயின் தூளாக உமிழும்; கூரான செயின் சீவலாகத் தள்ளும். அதுதான் அடையாளமாம்.

பில் போடும்போது ஒரு தகராறு. செயின் பிரேக் கைப்பிடி உடைந்து எப்போதோ காணாமல் போயிருந்தது. பாரின் நுனி மேல்பக்கம் மரத்தில் பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். அப்போது செயினை நிறுத்துவது அதுதான். "அது இல்லாமலே ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன், விடப்பா" என்றார் மாமா. "அது வர்ற வரைக்கும் மிஷின் இங்கயே இருக்கட்டும்ணே" என்று சொல்லிவிட்டார் மெக்கானிக். மாமா கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் அத்தைக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லி அத்தை பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

பிரேக்கோடு சேர்ந்த பக்க மூடி மதுரையில் இருந்து மறுநாள் சாயங்கால பஸ்ஸில் பார்சலாக வந்தது. எல்லாம் சேர்த்து, புது மிஷின் விலையில் கால் பங்குகூட ஆகவில்லை.

கண்மாய்க்கரையில் மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. இரண்டு நாளில் விறகு அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண் பூசித் தீ வைத்துவிட்டார்கள். நான் இதை எழுதும்போது மூட்டம் புகைந்துகொண்டிருக்கிறது. வானம் இன்னும் இருட்டவில்லை.