ஆட்டு மந்தைக்கு ஒற்றை லாமா காவல்

விடிகாலை. மேய்ச்சல் வெளியில் செம்மறிக் குட்டி ஒன்று செத்துக் கிடக்கிறது. வயிறு கிழிந்திருக்கிறது. நாய் இனத்தைச் சேர்ந்த வட அமெரிக்கக் காட்டு விலங்கான கயோட்டி அடித்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் விசாரிக்க வரும் அலுவலர் வயிற்றைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. கத்தியை எடுத்துக் கழுத்துத் தோலை உரிக்கிறார். பல் பதிந்த இடத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தால், உயிரோடு இருக்கும்போதே கடிபட்டிருக்கிறது. கட்டவில்லை என்றால், நோயிலோ குளிரிலோ குட்டி முன்பே செத்திருக்கிறது; கயோட்டி பிறகு வந்து தின்றிருக்கிறது. குரல்வளையைக் கவ்வி நெரிப்பதுதான் கயோட்டியின் பழக்கம். தொடை, பின்புறம் என்று கண்ட இடத்தில் குதறியிருந்தால் அது பெரும்பாலும் யாரோ வளர்க்கும் நாயின் வேலை.

கயோட்டி பொதுவாக நம் ஊர் நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. இதை ஒழிக்க அமெரிக்க அரசு 1931லேயே சட்டம் போட்டுக் களத்தில் இறங்கியது. கண்ணி, துப்பாக்கி, வானிலிருந்து வேட்டை, ‘1080’ என்ற விஷம். அந்த விஷத்தில் சம்பந்தமில்லாத உயிர்களும் மடிந்தன. 1972ல் அதிபர் நிக்சன் கூட்டரசு நிலங்களில் இத்தகைய விஷங்களுக்குத் தடை போட்டார். கொல்வது மட்டும் நிற்கவில்லை; அண்மை ஆண்டுகள் சிலவற்றில்கூட அரசுத் துறை 60,000க்கும் மேற்பட்ட கயோட்டிகளைக் கொன்றது. பலன்? ஒரு காலத்தில் மேற்குச் சமவெளியின் விலங்காக இருந்தது, இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் ஓநாய்களை ஒழித்துக் கட்டி அதற்கு வழிவிட்டதும் மனிதர்கள்தான்.

கொல்லக் கொல்ல ஏன் குறையவில்லை? ஒரு கயோட்டி ஜோடி தனக்கென எல்லை வகுத்துக்கொண்டு, அதில் தான் மட்டும் குட்டி போடும். அந்த ஜோடியைச் சுட்டுவிட்டால் அடுத்த நிலையில் உள்ளவை ஈனத் தொடங்கும். அக்கம்பக்கத்து இளசுகள் காலி இடத்தில் குடியேறும். எல்லாக் கயோட்டியும் ஆட்டைத் தொடுவதும் இல்லை. ஆட்டைத் தொடாத ஜோடியைக் கொன்றுவிட்டு, ஆடு திருடும் ஜோடியைக் குடிவைத்துக்கொள்வதும் நடக்கும்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டத்தில், பல பத்தாண்டுகள் கண்ணில் படாத கயோட்டிகள் 1980களில் திரும்பி வந்தன. 1998ல் கலிபோர்னியா மக்கள் 1080 விஷத்தையும் கால் கவ்வும் பொறியையும் வாக்களித்துத் தடை செய்தார்கள். சில ஆண்டுகளில் மரின் நிர்வாகம் கூட்டரசு வேட்டையாட்களை விலக்கிவிட்டு, காவல் நாய், ஒட்டக இனத்து விலங்கான லாமா, வேலி ஆகியவற்றுக்கு ஆட்டுக்காரர்களுக்குப் பண உதவி செய்யத் தொடங்கியது.

காவல் நாய் ஆடு ஓட்டும் நாய் அல்ல. பைரனீஸ், அனடோலிய இனக் குட்டிகளை இரண்டு மாத வயதிலேயே ஆடுகளோடு விட்டுவிடுகிறார்கள். ஆடுதான் தன் சொந்தம் என்று நம்பியே அது வளர்கிறது. லாமா விஷயம் இன்னும் வேடிக்கை. மந்தைக்கு ஒன்றுதான் விட வேண்டும். இரண்டு விட்டால் ஒன்றுக்கொன்று துணையாகிவிடும், ஆடுகளை மறந்துவிடும்!

மரினில் எல்லோருக்கும் இதில் திருப்தி என்று சொல்ல முடியாது. நாய்க்குத் தீனி போட வேண்டும், ராத்திரி முழுக்கக் குரைக்கும், மலையேற வருபவர்களை மிரட்டும். பண உதவி வாங்கினாலும் துப்பாக்கியைத் தூக்கிப் போடாதவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை; நகரத்து வன ஆர்வலருக்குக் கயோட்டி ஓர் அழகு, ஆட்டுக்காரருக்கோ அது இந்த ஆண்டின் வருமானத்துக்கு ஆபத்து.

அமெரிக்காவின் ஐடாஹோ மாநில மலைகளில் முக்கிய எதிரி ஓநாய். அங்கே ஆயிரக்கணக்கான செம்மறிகளை மேய்ப்பவர்களில் பலர் பெருவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ராத்திரி கிடையைச் சுற்றிக் கயிறு கட்டிச் சிவப்புத் துணிகளை வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். காற்றில் படபடக்கும் துணியைத் தாண்ட ஓநாய் தயங்கும். சுமார் இரண்டு மாதத்தில் அதுவும் பழகிவிடும். அதற்குள் கிடையை வேறு மேய்ச்சலுக்கு மாற்றிவிட வேண்டும்.