பிணங்கிய நண்பர் இருவர்க்கு ஒரே திருநாள்

கத்தோலிக்கத் திருச்சபையின் நாட்காட்டியில் சனவரி மாதம் 2ஆந் திகதிக்கு நேரே இரண்டு பெயர்கள் சேர்த்து அச்சிடப்பட்டிருக்கும். பெரிய பசிலியார், நசியான்சு நகர்க் கிரகோரியார் என்பன அவை. எம்மோடு ஒரே கல்லூரியிற் படிப்பிக்கும் கத்தோலிக்க நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் எமக்கு ஒரு நாட்காட்டி தருவது வழக்கம். "உங்கள் புனிதர்களுக்கு ஆளுக்கொரு நாள் கொடுக்க ஆண்டிலே இடம் போதவில்லையா?" என்று ஒருமுறை பகிடியாகக் கேட்டோம். "அவர்கள் சிநேகிதர்கள், அதனால்தான் ஒரே நாள்" என்றார் அவர். அவ்விடையோடு நாம் அமைந்திருக்கலாம். ஆனால் அவ்விருவரின் சரித்திரத்தைத் தேடிப் படித்தபோது, அச்சிநேகிதம் இடைவழியில் முறிந்ததொன்று என்பதும், முறிவுக்குக் காரணம் இருவருள் ஒருவர் மற்றவரைத் தமது காரியத்துக்குக் கருவியாக்கியமையே என்பதும் தெரியவந்தன. அதன்பின்னர் அந்த ஒரே திருநாள் எமக்கு வேறொரு பொருள் தருவதாயிற்று.

இருவரும் கி. பி. 330ஆம் ஆண்டையொட்டிக் கப்பதோக்கியா நாட்டிலே பிறந்தவர்கள். இன்று துருக்கியின் நடுப்பகுதியாயுள்ள மேட்டுநிலமே அந்நாடு. செசாரியா நகரத்துச் செல்வக் குடும்பத்தவர் பசிலியார். அந்நகரமே இக்காலத்துக் கைசேரி. கிரகோரியாரின் தந்தையார் நசியான்சு என்னும் சிற்றூரின் மேற்றிராணியார். அக்காலத்திலே மேற்றிராணிமார் இல்லறத்தராய் இருத்தல் உண்டு. இருவரும் மேற்படிப்புக்காக ஏதென்ஸ் நகரஞ் சென்றனர். முதலிற் போய்ச் சேர்ந்தவர் கிரகோரியார். வழியிலே இருபது நாட்கள் புயலில் அகப்பட்டு, உயிர் தப்புவோமோ என்று கலங்கியபடி கரையேறியவர் அவர்.

ஏதென்ஸிற் புதிதாய் வரும் மாணவனைப் பழைய மாணவர்கள் சூழ்ந்து கொண்டு, நையாண்டி செய்து, ஆர்ப்பரித்துப் பொதுக் குளிப்பறை வரையும் ஊர்வலமாய் இழுத்துச் செல்லுதல் வழக்கமாம். பகிடிவதை நம்முடைய பல்கலைக்கழகங்களிற் பிறந்தது என்று எண்ணுவோர் இதனைக் கவனிப்பாராக! பசிலியார் வந்தபோது, அவருடைய கம்பீரத்தையும் கல்வியையும் எடுத்துச் சொல்லி அவ்வதையினின்றும் அவரைக் காத்தவர் கிரகோரியார். அன்று தொடங்கியது நட்பு. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒரே இடத்தில் உண்டு, கோயிலுக்குப் போகும் பாதை, ஆசிரியரிடம் போகும் பாதை என்னும் இரண்டையன்றி வேறு பாதை அறியாதவராய் அவர்கள் படித்தனர். பின்னர்ச் சக்கரவர்த்தியாகிக் கிறித்தவத்தைத் துறந்த யூலியனும் 355ஆம் ஆண்டளவில் அவர்களோடு அந்நகரிலே மாணவனாய் இருந்தான் என்பது சரித்திரத்தின் விளையாட்டு.

படிப்பு முடிந்ததும் ஒருங்கே துறவு வாழ்வு வாழ்வதென்று இருவரும் பேசிக் கொண்டனர். பசிலியார் பொந்து நாட்டிலே ஈரிசு ஆற்றங்கரையில் ஒரு காட்டிடத்தைத் தெரிந்து, அதன் மலையையும் நீரையும் மீனையும் வருணித்து நண்பரை அழைத்தார். கிரகோரியார் போனார்; சில காலம் தங்கினார்; திரும்பி வந்து எழுதிய கடிதங்களிலே நண்பரை ஒரு கை பார்த்துவிட்டார். பல்லு வழுக்கும் பாண், மரக்கறியில்லாத மரக்கறித் தோட்டம், கழுத்தாலும் கையாலும் தாம் இழுத்த வண்டில், அதனால் உண்டாகி இன்னும் ஆறாத தழும்பு என்று அவர் அடுக்கிச் செல்லுதலைப் படித்தால் எவருக்கும் சிரிப்பு வரும். பசிலியாரின் தாயார் உணவு கொடுத்துக் காவாதிருந்தால் தாம் இறந்தே போயிருக்கக் கூடும் என்பதும் அவர் முறைப்பாடு. ஆயினும் அடுத்த கடிதத்திலேயே, அங்குக் கழிந்த நாட்களுக்காக ஏங்கி உருகுகின்றார். இத்துணை உரிமையோடு ஒருவரையொருவர் பகிடி பண்ணியவர்களின் நட்பு ஆழமானதென்பதில் ஐயமில்லை.

முதற் கீறல் 370ஆம் ஆண்டில் விழுந்தது. செசாரியாவின் மேற்றிராணியார் இறக்க, அப்பதவிக்குப் பசிலியாரின் பெயர் அடிபட்டது. அந்நேரத்திலே பசிலியார், தாம் கடும் நோயுற்றிருப்பதாகவும் உடனே வரவேண்டுமென்றும் நண்பருக்கு எழுதினார். கிரகோரியார் அழுதுகொண்டே புறப்பட்டார். வழியிலே மேற்றிராணிமார் பலர் செசாரியா நோக்கிப் போதலைக் கண்டதும் விஷயம் விளங்கிவிட்டது. மரணப்படுக்கைக்கன்று, தேர்தலுக்கே அழைப்பு! அவர் பாதி வழியில் திரும்பிவிட்டார். அவருடைய வயோதிபத் தந்தையாரோ, நோயாளியாயிருந்தும் படுக்கையோடு தம்மைத் தூக்குவித்துச் சென்று பசிலியாரின் பக்கம் நின்றார். பசிலியார் வென்றார்.

வென்றவர் பதவியை வீணாக்கவில்லை. நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் நோயாளருக்குமாக அவர் எழுப்பிய நிலையம் ஒரு புதிய நகரம் போன்றிருந்ததாம். ஊர் தீண்ட அஞ்சிய குட்டநோயாளரை அவர் முத்தமிட்டு வரவேற்றார். சக்கரவர்த்தி வாலன்ஸின் மந்திரி ஒருவன், சொத்துப் பறிமுதல், நாடு கடத்தல், சித்திரவதை, மரணம் என்று அச்சுறுத்தியபோது, பறிப்பதற்குத் தம்மிடம் சில உடையும் சில புத்தகமுமே உண்டென்று சொன்னவர் அவர். இளைஞர்க்கு அவர் எழுதிய ஒரு சிறு நூலை ஆசிரியர் யாவரும் படித்தல் நன்று. கிறித்தவரல்லாத பழைய கிரேக்கப் புலவர்களின் நூல்களைத் தள்ளிவிடாது, தேனீ பூவிலே கொள்வதைக் கொண்டு மற்றதை விடுதல் போலக் கற்க வேண்டும் என்கிறார் ஒரு மேற்றிராணியார்! சைவச் சூழலில் வளர்ந்து ஆங்கில இலக்கியம் படித்த எமக்கு அது பெரிதும் இனித்தது.

ஆனால் வலிய மனிதரின் நண்பராயிருத்தல் எளிதன்று. 372ஆம் ஆண்டையொட்டி வாலன்ஸ் கப்பதோக்கியாவை இரண்டு மாகாணங்களாகப் பிரித்தான். புதிய மாகாணத்தின் தலைநகரான தியானாவின் மேற்றிராணியார் அந்திமு, அப்பகுதிக் கோயில்களும் வருமானமும் இனித் தமக்கே உரியன என்றார். பசிலியாருக்குப் பொருட்களைக் கொண்டுவந்த கோவேறு கழுதைகளை அந்திமுவின் ஆட்கள் மலைப்பாதையிலே மறித்தமையும் உண்டு. பசிலியார் தமது பக்கத்தைப் பலப்படுத்தப் புதிய மேற்றிராணியார் ஆசனங்களை உண்டாக்கினார். தமது சொந்தத் தம்பியாரை நிசா என்னும் சிற்றூருக்கு அனுப்பினார். எல்லையிலிருந்த சாசிமாவுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்குக் கிரகோரியாரைத் தெரிந்தார்.

சாசிமா எத்தகைய ஊர் என்பதைக் கிரகோரியார் முதுமையிற் பாடிய தன் வரலாற்றுக் கவிதையிலே விரித்துரைத்திருக்கின்றார். மூன்று பாதை கூடும் ஒரு சந்தி. தண்ணீரில்லை, பச்சையில்லை. புழுதியும் வண்டிற் சத்தமும் அழுகுரலுமே அதன் செல்வம். அங்கே குடிகளென்று நிலைத்தவர் இல்லை. வருவோரும் போவோருமே உளர். ஏதென்ஸில் ஒன்றாகப் படித்த நண்பன் தமக்கு அளித்த பரிசு இது என்று அவர் மனம் கசந்தது. தந்தையாரும் சேர்ந்து வற்புறுத்த, அபிஷேகத்துக்குத் தலை குனிந்தார். ஆனால் சாசிமாவிற் பணியாற்றாது மலைப்புறத்துக்கு ஓடிவிட்டார். சோம்பேறி என்ற பழி பசிலியாரிடமிருந்து வந்தது. சோம்பலே தமது பெருந்தொழில் என்று அவர் மறுமொழி எழுதினார். பன்றிக் குட்டிக்கும் கோழிக்குமாகத் தம்மாற் சண்டை பிடிக்க இயலாது என்பதும் அக்காலத்து அவருடைய சொல்லே.

நாம் இவ்வழக்கிலே யார் பக்கம் நிற்பது? எமது மனம் முதலிற் கிரகோரியாரின் பக்கமே சாய்ந்தது. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் கிரகோரியாரின் குரலையே, அவர் கவி, தமது நோவைச் சொல்லத் தெரிந்தவர். பசிலியார் மற்றொரு மேற்றிராணியாருக்கு எழுதிய கடிதமொன்றில் மாத்திரம் அவருடைய எண்ணம் சிறிது வெளிப்படுகின்றது. கிரகோரியாரின் தகுதிக்கு ஏற்ற ஆசனம் வேண்டுமாயின் உலகத்துத் திருச்சபை முழுவதையும் ஓரிடத்திற் கூட்டினாலன்றி முடியாது என்றும், ஆதலால் அவர் இடத்தாற் பெருமை பெறாது இடத்துக்குத் தாமே பெருமை தருவாராக என்றும் அதன் கருத்து. அழகான சமாதானந்தான். ஆனால் நண்பனின் இயல்பை நன்கறிந்தும் அதற்கு மாறானதை அவன் தலையிலேற்றுவோர் சொல்லும் சமாதானமும் இப்படித்தானே இருக்கும்!

379ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதி பசிலியார் மறைந்தார் என்பது மரபு. அப்பொழுது அவருக்கு ஐம்பது வயதும் நிரம்பவில்லை. நோயுற்றிருந்த கிரகோரியாரால் அடக்கத்துக்குப் போக இயலவில்லை. அவ்வாண்டிலே அவர் கொன்ஸ்தாந்திநோபிளுக்கு அழைக்கப்பட்டு, ஒரு சிறு கோயிலிற் பிரசங்கித்துப் பெரும் புகழெய்தினார். 381இல் அங்குக் கூடிய திருச்சங்கத்துக்குத் தலைமையும் தாங்கினார். அங்கேதான் பழைய வினை வந்து மூண்டது. ஒரு நகரத்து மேற்றிராணியார் மற்றொரு நகரத்துக்கு மாறுதல் கூடாதென்பது 325இல் நீசேயாச் சங்கம் இட்ட விதி. கிரகோரியார் சாசிமாவுக்கன்றோ அபிஷேகம் பெற்றவர் என்று எகிப்து நாட்டாரும் மக்கெதோனியரும் எதிர்த்தனர். தாம் ஒருநாளும் ஆளாத அந்தப் புழுதிச் சந்தியின் பெயரைச் சொல்லி அவரைத் தலைநகரின் ஆசனத்தினின்றும் இறக்கப் பார்த்தனர். அவர் வாதாடவில்லை, பதவியைத் துறந்து ஊர் திரும்பினார்.

திரும்பிய பின்னர், பசிலியார் மறைந்து ஏறக்குறைய மூன்றாண்டு கழிந்த நிலையிலே, செசாரியாவில் அவர் நண்பருக்கு அஞ்சலியுரை நிகழ்த்தினார். சாசிமாவால் இருமுறை நொந்தவர் பேசிய பேச்சு அது. ஏதென்ஸ் நாட்களையும், இரண்டு உடலில் ஓருயிராய் வாழ்ந்தமையையும், பசிலியாரின் ஏழைகள் நகரத்தையும், மந்திரிக்கு அவர் கொடுத்த விடையையும் நீண்ட உரையாய் எடுத்துச் சொல்லிப் போற்றினார். சாசிமாவுக்கு வந்தபோது மாத்திரம் அதனைத் தம்மாற் புகழ முடியவில்லை என்றார். பசிலியாரின் செயல்கள் அனைத்தினுள்ளும் அஃதொன்றையே தாம் மெச்ச இயலாதென்று, அவர் ஊரிலே, அவருடைய மக்கள் முன்னிலையிலே சொன்னார். செத்தாரைப் பேசுமிடத்துக் குறையை மறைப்பது உலக வழக்கு. கிரகோரியார் மறைக்கவுமில்லை, அக்குறையை வைத்து மற்றவற்றைக் குறைக்கவுமில்லை. திருவள்ளுவர் நட்பை ஆராய்ந்த பின்னர்ப் பழைமை என்றொரு தனி அதிகாரம் வகுத்ததன் அருமை, அவ்வுரையை ஆங்கில மொழிபெயர்ப்பிற் படித்தபோது எமக்குப் புலப்பட்டது.

இவர்களுக்கு நெடுங்காலம் ஒரே நாள் இருந்ததில்லை. மேல்நாட்டுத் திருச்சபையிலே பசிலியாரின் திருநாள் சூன் 14. கிரகோரியாருடையது மே 9. 1969ஆம் ஆண்டு பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் நாட்காட்டியைத் திருத்தியபோதே இருவரும் சனவரி 2இற் சேர்க்கப்பட்டனர். கீழ்நாட்டுத் திருச்சபையினர் பசிலியாரைச் சனவரி 1இலும் கிரகோரியாரைச் சனவரி 25இலும் தனித்தனியே கொண்டாடுவதோடு, சனவரி 30இல் அருளப்பர் கிறிசோஸ்தோமையும் சேர்த்து மூவருக்கும் ஒரு பொதுவிழா எடுப்பர். இதற்கும் ஒரு சண்டையே காரணமாம்! 11ஆம் நூற்றாண்டிலே கொன்ஸ்தாந்திநோபிளில் மூவருள் யார் பெரியவர் என்று கட்சி பிரிந்து வாதாட, மூவரும் சமமென்று நாள் குறித்துத் தீர்த்தனர் என்பர். கிரேக்க நாட்டில் அந்நாள் பள்ளிக்கூடங்களின் திருநாளாயும் உள்ளது.

முதுமையிலே, நிக்கோபூலு என்னும் உறவுப் பையன் ஒருவன் கிரகோரியாரின் கடிதங்களைத் தொகுத்துத் தரும்படி கேட்டான். கிரகோரியார் தொகுத்தனுப்பினார், தம்முடையவற்றை மாத்திரமன்று. பசிலியாரின் கடிதங்களையும் தேடியெடுத்து, அவற்றை முன்னே வைத்துத் தம்முடையவற்றைப் பின்னே வைத்தார். பசிலியார் ஒப்பமாட்டாராயினும், தாம் எப்பொழுதும் அவரையே தமக்கு முன்னாக எண்ணி வந்ததாகவும், தம்மிருவரும் எவ்விடத்தும் சேர்ந்தே இருத்தல் வேண்டுமென்பது தம் விருப்பமென்றும் அவனுக்கு எழுதினார். நண்பர் தந்த நாட்காட்டியிலும் பசிலியாரின் பெயரே முன்னே நிற்கின்றது. கிரகோரியாரின் பெயர் அதனையடுத்து.