முக்கோணங்களால் தீரும் சமன்பாடு

வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய தோல். அதன்மேல் எங்கும் ஒரே அளவு அழுத்தம். எந்தப் புள்ளி எவ்வளவு தாழும்? இதற்கு விடை தருவது பாய்சான் சமன்பாடு. சட்டம் வட்டமாக இருக்கும்வரை கையாலேயே போட்டுவிடலாம்: ஆரம், இழுவிசை, அழுத்தம் மூன்றையும் 1 என்று வைத்தால் நடுவில் தாழ்வு சரியாக 0.25. சட்டம் கோணல்மாணலாகிவிட்டால் பேனாவும் தாளும் போதாது. ஃபைனைட் எலிமென்ட் முறை வேண்டும்.

பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் விடை ஒரு சமதளத் துண்டு என்று வைத்துக்கொள்வதே அந்த முறை. ரிச்சர்ட் கூரன்ட் 1943-இல் வெளியிட்ட கட்டுரையில், முறுக்கப்படும் தண்டின் கணக்கை முக்கோணங்களால்தான் போட்டார். அதற்கும் இதே பாய்சான் சமன்பாடுதான். 1950களில் விமானப் பொறியாளர்களும் இவ்வழிக்கு வந்து சேர்ந்தார்கள். முறைக்கு இன்றுள்ள பெயரை 1960-இல் வைத்தவர் ரே கிளஃப்.

ஆனால் பாய்சான் சமன்பாட்டில் இருப்பது இரண்டாம் வகைக்கெழு. சமதளத் துண்டுக்கு அது பூஜ்யம். அப்படியானால் முக்கோணங்களை வைத்து எப்படித் தீர்ப்பது? சமன்பாட்டை 'வி' என்ற சோதனைச் சார்பால் பெருக்கிப் பரப்பு முழுவதும் தொகையிடுகிறோம். பகுதித் தொகையிடல் செய்தால் நாம் தேடும் விடையான 'யு' மேல் இருந்த இரு வகைக்கெழுக்களில் ஒன்று 'வி' மேல் போய்விடும். இனி முதல் வகைக்கெழு மட்டும் போதும். சமதளத் துண்டுக்கு அது உண்டு. இந்த உருவத்துக்கு வலுக்குறை வடிவம் என்று பெயர். மென்பொருளைத் திறக்கும் முன் இதை ஒருமுறை கையால் எழுதிப் பார்த்துவிடுங்கள். கட்டளைகளை மனப்பாடம் செய்வதைவிட இதுதான் பலன் தரும்.

ஏனென்றால் ஃப்ரீஃபெம் என்ற மென்பொருள் கேட்பதே இந்த வடிவத்தைத்தான். பாரிஸில் ஒலிவியே பிரோனோ 1987-இல் மேக்ஃபெம் என்ற பெயரில் தொடங்கிய வேலையின் வாரிசு இது. பின்னர் ஃபிரெடெரிக் ஹெக்ட் இதைப் பெரிதாக வளர்த்தெடுத்தார். காசு கொடுக்க வேண்டாம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. வட்டத் தோல் கணக்கு இதில் ஏழெட்டு வரிதான்: எல்லைக் கோடு, அதை 50 துண்டாக்கி முக்கோண வலை, சமதளத் துண்டுகளுக்கான 'பி1' வெளி, தொகையீடுகள், விளிம்பில் தாழ்வு பூஜ்யம் என்ற நிபந்தனை, கடைசியில் படம்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். எல்லைக் கோட்டின் வழியே நடந்தால் பரப்பு இடப்பக்கம் இருக்க வேண்டும். துண்டு எண்ணிக்கைக்கு முன் கழித்தல் குறி போட்டால் திசை திரும்பிவிடும், உள்ளே ஓட்டை போடுவதற்கும் அதுவே வழி. அடுத்தது, எல்லா உறுப்புகளையும் ஒரே பக்கம் கொண்டுவந்து எழுதுவதால் அழுத்த உறுப்புக்கு முன் கழித்தல் குறி வரும். அதை விட்டுவிட்டால் நிரல் முணுமுணுக்காமல் ஓடும், படமும் அழகாக வரும். நடுவில் மட்டும் 0.25-க்குப் பதில் −0.25 நிற்கும்.

அதனால்தான் விடை தெரிந்த கணக்கில் தொடங்கச் சொல்கிறேன். நடு மதிப்பு 0.25-ஐ ஒட்டி வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். விளிம்பை 100 துண்டாக்கி, பிறகு 200 ஆக்கிப் பாருங்கள். முக்கோணத்தின் பக்கம் பாதியாகும்போது பரப்பு முழுவதற்குமான சராசரிப் பிழை ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் எங்கோ கோளாறு. பைத்தான் பழகியவர்கள் ஃபெனிக்ஸ் என்ற மென்பொருளிலும், சி++ தெரிந்தவர்கள் டீல்.டூ என்ற மென்பொருளிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

அடுத்து வட்டத்தை எடுத்துவிட்டு 'ட' எழுத்தைப் போல் மடங்கிய பரப்பை வையுங்கள். உள்நோக்கிய மூலையில் பரப்பின் கோணம் 270 பாகை; அங்கே விடையின் சரிவு எல்லையின்றிக் கூடும், பிழையும் முன்போல் வேகமாகக் குறையாது. ஃப்ரீஃபெமில் 'அடாப்ட்மெஷ்' கட்டளையைக் கொடுத்து வலையை மறுபடி வரையுங்கள். அந்த மூலையைச் சுற்றி மட்டும் பொடிப்பொடி முக்கோணங்கள் நெருங்கி வந்திருக்கும்.