அழகரைப் பார்க்க வந்த விருந்தாளிகளே, ஆத்துக்குள்ள முண்டாதீங்க!

மதுரை கே.கே. நகரில் சித்திரை மாதம் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், கதவைத் திறப்பவர் வெளியூர்க்காரராக இருப்பார்! வீட்டுக்காரர் உள்ளே கூடுதல் பாய் தேடிக் கொண்டிருப்பார்.

மாட்டுத்தாவணி எம்.ஜி.ஆர். பஸ் நிலையம் கூப்பிடு தூரம். சாத்தூர், அருப்புக்கோட்டை, காரைக்குடி பஸ்களில் வந்து இறங்குகிறவர்கள் பையைத் தூக்கிக் கொண்டு நேரே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து விடுகிறார்கள். இரண்டு அறை வீட்டில் பத்துப் பதினைந்து பேர். மொட்டை மாடியில் படுக்கை. விடியற்காலை குளிக்க வரிசை. முகம் சுளிக்கிறவர் யாரும் இல்லை. "அழகர் வர்றாருல்ல!" என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் சரியாகி விடும்.

மாமனாரின் கேள்வி

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பல வீடுகளில் இந்தப் பேச்சுதான் நடக்கிறது.

"என்ன மாப்ளே, இப்பவே கெளம்பி ஆத்துக்குப் போயிருவமா? கிட்ட நின்னு பார்த்தாத்தான பார்த்த மாதிரி!" என்பார் ஊரிலிருந்து வந்த மாமனார்.

"மாமா, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அத்தையையும் பச்சப்புள்ளையையும் வச்சுக்கிட்டு அங்கன போக வேணாம். அழகரை நான் வேற எடத்துல காட்டுறேன்" என்பார் விவரம் தெரிந்த மாப்பிள்ளை.

மாமனாருக்கு முகம் வாடி விடும். ஆனால் மாப்பிள்ளை சொல்வதில் நியாயம் உண்டு. 2022-ம் ஆண்டு நடந்ததை மதுரை மறக்கவில்லை.

2 பேர் பலி

கொரோனா காரணமாக 2020, 2021 ஆகிய 2 ஆண்டுகள் ஜனங்கள் வைகையில் அழகரைப் பார்க்க முடியவில்லை. 2022 ஏப்ரல் 16-ந் தேதி அழகர் மறுபடி ஆற்றில் இறங்கினார். 2 வருஷ ஏக்கம்! கோரிப்பாளையம், ஆழ்வார்புரம், ஏ.வி. பாலம் என்று எங்கு பார்த்தாலும் தலைகள். விடிகிற நேரத்தில் நெரிசல் ஏற்பட்டது. அதில் சிக்கி 2 பேர் பரிதாபமாக உயிரிழந்தார்கள். பலர் காயம் அடைந்தார்கள்.

சாமி பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. விருந்துக்கு வந்தவர் ஒருவருக்கு இப்படி ஆனால், அழைத்த வீட்டுக்காரர் அவர்கள் ஊருக்கு எந்த முகத்தோடு போவார்?

ஏன் இந்த நெரிசல்?

மீனாட்சி கல்யாணத்துக்குச் சீர் கொண்டு வருகிற அண்ணன் அழகர், ஆற்றில் இறங்கும்போதே கல்யாணம் முடிந்து விட்டதாகக் கேள்விப்பட்டு, கோபித்துக் கொண்டு வண்டியூருக்குப் போய் விடுகிறார். இது ஜனங்கள் சொல்கிற கதை. மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க வருகிறார் என்பது கோவில் கதை. எந்தக் கதையானாலும் அவர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குவது சித்திரை முழுநிலவு நாளில், விடியற்காலையில், சிறிது நேரம்தான்.

என்ன நிறத்தில் பட்டு உடுத்தி வருகிறார் என்று பார்க்கவே லட்சக்கணக்கான கண்கள் காத்திருக்கும். பச்சைப்பட்டு என்றால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. ஒரே இடம், ஒரே நேரம், எல்லாருக்கும் அதே ஆசை. விழாவுக்காக வைகை அணையில் தண்ணீர் திறந்து விடுகிற ஆண்டில், ஆற்றுக்குள் நிற்கிற இடமும் சுருங்கி விடும். கால் வைத்தால் சேறு. 1889-ல் கட்டிய ஏ.வி. பாலம் அகலமாகப் போவதில்லை!

ரியோவிலும் கோவாவிலும்

உலகத்தில் மற்ற ஊர்களும் இந்தத் தலைவலியைப் பார்த்தவைதான். கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன்பு 40 நாள் தவக்காலம் இருப்பார்கள். அதற்கு முன்பு ஆடிப்பாடித் தீர்த்து விடுவதுதான் கார்னிவல். நம் மாசி மாதத்தை ஒட்டி வரும். (மீனாட்சி கல்யாணமும் முன்பு மாசியில் நடந்தது, திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு சேர்த்தார் என்பார்கள். தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது.)

கோவாவில் சாம்பல் புதனுக்கு முந்தின 4 நாளும் கொண்டாட்டம். 'மோமோ ராஜா' வேஷம் போட்டவர் வண்டியில் வருவார். பனாஜியில் சனிக்கிழமை தொடங்கும் ஊர்வலம், மற்ற நாட்களில் மட்காவ் போன்ற ஊர்களுக்குப் பிரிந்து போகிறது. கூட்டமும் பிரிகிறது. பிரேசில் நாட்டு ரியோ நகரில் 1984-ல் ஊர்வலத்துக்கென்றே தனி வீதி கட்டி, இரண்டு பக்கமும் படிக்கட்டு ஆசனம் போட்டு விட்டார்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்கலாம்.

மதுரையில் அழகருக்கு டிக்கெட் போட முடியுமா? வேண்டியதும் இல்லை. கூட்டத்தைப் பிரிக்கிற வழி அழகரிடமே இருக்கிறது.

வாசலுக்கே வருகிற சாமி

மதுரையிலிருந்து அழகர்கோவில் 20 கிலோ மீட்டருக்கு மேல். அங்கிருந்து புறப்பட்டு வண்டியூர் வரை போய்த் திரும்புகிற அழகர், வழியில் 400-க்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று நின்றுதான் வருகிறார். நாம் தேடிப் போய் முண்ட வேண்டியதே இல்லை. கே.கே. நகருக்கு ஒரு பக்கம் தல்லாகுளம், இன்னொரு பக்கம் வண்டியூர். விருந்தாளிகளை எங்கே அழைத்துப் போகலாம்?

முந்தின நாள், மூன்றுமாவடியில் எதிர்சேவை. அங்கிருந்து புதூர், ரிசர்வ் லைன், ரேஸ்கோர்ஸ் வழியாக வருவார். கூட்டம் இருக்கும், ஆனால் நீண்ட சாலையில் பிரிந்து நிற்கும். செம்பில் சர்க்கரை நிரப்பி, சூடம் ஏற்றிக் காட்டுகிறவர்கள் இங்கேயே காட்டி விடலாம்.

அன்று இரவு தல்லாகுளம் பெருமாள் கோவில். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மாலை சாத்திக் கொண்டு அழகர் புறப்படுவது இங்கிருந்துதான்.

ஆற்றில் இறங்கிய பிறகு ராமராயர் மண்டபத்தில் தண்ணீர் பீய்ச்சும் தீர்த்தவாரி. தோல் பையில்தான் பீய்ச்ச வேண்டும். பம்பு வைத்து அடிக்க அதிகாரிகள் அண்மை ஆண்டுகளில் தடை போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் வண்டியூர் பெருமாள் கோவில். மறுநாள் தேனூர் மண்டபம். இரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். விடிய விடிய நடக்கும். கடைசியில் பூப்பல்லக்கு. எங்கே பார்த்தாலும் அதே அழகர்தான்!

விருந்தாளி கவனத்துக்கு

குழந்தையின் சட்டைப் பையில் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும். தவறினால் எங்கே வந்து சேருவது என்று வீட்டிலேயே ஓர் இடத்தைப் பேசி வையுங்கள். கூட்டத்தில் செல்போன் பல சமயம் கிடைக்காது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். ஜேப்படிக்காரர்களுக்கும் சித்திரைத் திருவிழாதான்!

நெரிசலில் மாட்டினால் எதிர்த்துத் தள்ளாதீர்கள். கீழே விழுந்த செருப்பை எடுக்கக் குனியாதீர்கள். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்தால் மூச்சு விட இடம் கிடைக்கும். அலை போகிற பக்கமே ஓரமாக நகர்ந்து வெளியே வாருங்கள்.

அதையும் மீறி ஆற்றுக்குத்தான் போவேன் என்கிற இளவட்டங்கள் முன்னிரவிலேயே போய் ஓர் இடத்தில் நின்று விடட்டும். அழகர் வருகிற சமயத்தில் பின்னாலிருந்து தள்ளாதிருந்தால் போதும். முன்னால் நிற்பது யார் வீட்டு அப்பத்தாவோ!

மேலே சொன்ன மாமனார்கள் பலர் மறுநாள் வண்டியூரில் அழகரைப் பத்தடி தூரத்தில் பார்த்து விட்டுச் சொல்வது என்ன தெரியுமா?

"மாப்ளே, இம்புட்டுக் கிட்டத்துல ஆத்துல பார்த்திருக்க முடியாது. அடுத்த வருஷமும் இங்கனயே வந்துருவோம்!"

மாப்பிள்ளை இன்னும் இரண்டு பாய் வாங்க வேண்டியதுதான்.