எச்சரிக்கைக்குக் குறுக்கே சோப்பு விளம்பரம்!
ரேடியோவில் புகுந்த 'திருடன்' யார்?

வானம் கறுக்கிறது. அமெரிக்கச் சமவெளியில் ஒருவர் காரை நிறுத்துகிறார். கையில் உள்ள சிறு ரேடியோவில், "சுழற்காற்று தெரிகிறது! ஊரை நோக்கி வருகிறது!" என்று பதறுகிறார்.

மறுமுனையில் கேட்பதோ சோப்பு விளம்பரம்!

இப்படி நேர்ந்தால் எத்தனை உயிருக்கு ஆபத்து!

யார் இவர்கள்?

இவர்கள் 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். பரீட்சை எழுதி, சர்க்கார் லைசென்சு பெற்றவர்கள். சம்பளம் கிடையாது. ஆனாலும் புயல், வெள்ளம் என்றால் ஓடிவந்து உதவுவார்கள். சுழற்காற்றைக் கண்டால் வானிலை நிலையத்துக்குச் சொல்வார்கள்.

கை ரேடியோவின் சக்தி சுமார் 5 வாட். அதன் குரல் வெகுதூரம் போகாது. ஆகவே குன்றின் உச்சியிலோ, உயரமான கோபுரத்திலோ 'ரிப்பீட்டர்' என்ற கருவியை வைக்கிறார்கள். அது ஒரு காதால் கேட்டு, அதே நொடியில் வாயால் உரக்கச் சொல்லும். பல மைல் தூரம் கேட்கும்.

600 செய்த வம்பு

காதுக்கு ஓர் அலை எண். வாய்க்கு வேறோர் எண். உதாரணமாக, ரிப்பீட்டர் 1,46,340 கிலோ ஹெர்ட்ஸில் கேட்கும், 1,46,940-இல் பேசும். இரண்டுக்கும் வித்தியாசம் 600. அமெரிக்காவில் இந்த வகை ரிப்பீட்டர்களுக்கு இதுவே வழக்கம்.

பக்கத்தில் ஒரு மத்திய அலை ஒலிபரப்பு நிலையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் எண்ணும் 600! அதன் சக்தியோ ஆயிரக்கணக்கான வாட். இந்த 600-உம், ரிப்பீட்டர் பேசும் 1,46,940-உம் ஓரிடத்தில் கலந்தால் என்ன ஆகும்? கழித்துப் பாருங்கள். 1,46,340! நேராக ரிப்பீட்டரின் காதிலேயே போய் விழுகிறது!

ரிப்பீட்டர் அதை யாரோ பேசுவதாக நினைத்து மறுபடி ஒலிபரப்பும். ஒலிபரப்பினால் மறுபடி கலக்கும். வாய் மூடவே மூடாது!

கலப்பது எங்கே?

இரண்டு அலைகளும் தாமாகக் கலப்பதில்லை. கலக்க ஓர் இடம் வேண்டும். பல சமயம் அந்த இடம் ஒரு துருப்பிடித்த ஆணிதான்! தளர்ந்த போல்ட், பழைய முள்வேலி, கோபுரத்தின் இழுகம்பி எதுவாகவும் இருக்கலாம்.

அந்தக் காலத்தில் சிறு கல் துண்டை வைத்தே ரேடியோ கேட்டார்கள் அல்லவா? மின்சாரத்தை ஒரு பக்கம் எளிதாக விட்டு, மறு பக்கம் தடுப்பது அந்தக் கல்லின் குணம். இரும்புக்கு நடுவே இருக்கும் துருவும் அதே வேலையைச் செய்கிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் ரிப்பீட்டரின் வாயை மட்டும் அடைக்கிறார்கள். காது கேட்டுக்கொண்டிருக்கும். விளம்பரமும் நின்றுவிட்டால், கலப்பில் ரிப்பீட்டருக்கும் பங்கு உண்டு என்று அர்த்தம்.

பிறகு ஒருவர் கை ரேடியோவுடன் கோபுரத்தைச் சுற்றி நடப்பார். இன்னொருவர் கம்பிகளையும் மூட்டுகளையும் ஒவ்வொன்றாக அசைப்பார். ஓரிடத்தில் அசைத்ததும் விளம்பரம் 'கரகர' என்று விட்டுவிட்டுக் கேட்கும். அகப்பட்டான் திருடன்!

துருவைச் சுரண்டி, போல்ட்டை இறுக்குவார்கள். உதவாத பழைய கம்பியைக் கழற்றி எறிவார்கள்.

சில வேளை கலப்பு கருவிக்குள்ளேயே நடக்கும். அப்போது 'பில்டர்' பொருத்துவார்கள். தேநீர் வடிகட்டி தூளைத் தடுப்பதுபோல், அது வேண்டாத அலையைத் தடுக்கும்.

ரிப்பீட்டருக்குப் 'பூட்டு' போடுவதும் உண்டு. குறிப்பிட்ட ஒலிக்குறி வந்தால்தான் அது வாய் திறக்கும். ஆனால் பூட்டு மட்டும் போதாது. தூரத்திலிருந்து மெல்லிய குரல் வரும்போது, அடியில் ஓடும் விளம்பரம் அதை விழுங்கிவிடும். நோயைத் தீர்க்காமல் வலியை மட்டும் மறைப்பது போன்றது அது.

குற்றம் யாருடையது?

ஒலிபரப்பு நிலையத்தார் விதியை மீறவில்லை. ஹாம்களும் மீறவில்லை. ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தால் விளம்பரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரு தரப்பு எஞ்சினீயர்களும் சேர்ந்து தேடினால் வேலை சுலபம்.

அடுத்த முறை வானம் கறுக்கும்போது, அந்த எச்சரிக்கைக் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு ஸ்பேனரும், கொஞ்சம் பொறுமையும் போதுமானதாக இருக்கலாம்!